ஆஸ்துமாவும் உணவும்: எதைச் சேர்ப்பது, எதைத் தவிர்ப்பது

வீட்டில் ஒருவருக்கு ஆஸ்துமா இருப்பதாக மருத்துவர் கூறியவுடன், "இனி என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது?" என்ற கேள்வி எழுவது இயல்பு. உறவினரும் அண்டை வீட்டாரும் ஆளுக்கொரு பத்தியம் சொல்வார்கள். ஒருவர் வாழைப்பழத்தை நிறுத்தச் சொல்வார். மற்றொருவர் தயிரையும் மோரையும் விலக்கச் சொல்வார். வேறொருவர் ஒரு குறிப்பிட்ட கீரையைத் தொடர்ந்து உண்டால் இன்ஹேலரே தேவைப்படாது என்பார். இவற்றில் எதை ஏற்பது, எதை விடுவது என்பதை விளக்குவதே இப்பக்கத்தின் நோக்கம்.

சுருக்கமாகச் சொன்னால், ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் உணவு எதுவும் இல்லை. ஆஸ்துமா உள்ள எல்லோருக்கும் ஆகாத உணவு என்றும் எதுவும் இல்லை. ஆயினும் நல்ல உணவு நோயைக் கட்டுப்பாட்டில் வைக்க உதவுகிறது. தேவையற்ற பத்தியமோ, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, தீங்கு விளைவிக்கிறது.

ஆஸ்துமாவில் என்ன நிகழ்கிறது?

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்களில் நீடித்திருக்கும் அழற்சி நோயாகும். நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் இக்குழாய்களின் உட்சுவர் வீங்கியும் எளிதில் சீண்டப்படும் நிலையிலும் இருக்கும். தூசி, புகை, சளிக்காய்ச்சல், பூஞ்சை, மகரந்தம், குளிர்ந்த காற்று போன்றவை பட்டதும், குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, வீக்கம் கூடுகிறது, கெட்டியான சளி சுரந்து வழியை அடைக்கிறது. இதனால் இருமல், இளைப்பு, நெஞ்சு இறுக்கம், மூச்சில் விசில் போன்ற ஒலி ஆகியவை தோன்றுகின்றன. இதையே நம் ஊர்களில் இழுப்பு, வீசிங் என்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2019ஆம் ஆண்டில் உலகில் சுமார் 26 கோடி பேருக்கு ஆஸ்துமா இருந்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ 4,55,000 பேர் அதனால் உயிரிழந்தனர். உரிய மருந்து முறையாகக் கிடைத்திருந்தால் இம்மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்திருக்க முடியும்.

அழற்சியைத் தணிக்கும் அடிப்படை மருந்து, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு ஆகும். இது நேரடியாக மூச்சுக்குழாய்க்கே சென்று சேர்வதால் மைக்ரோகிராம் அளவே போதுமானது. மாத்திரையாக உட்கொள்ளும் ஸ்டீராய்டைவிட இது மிகக் குறைந்த அளவாகும். "இன்ஹேலர் பழக்கமாகிவிடும்" என்ற அச்சத்தால் அதை நிறுத்திவிட்டு உணவை மட்டும் நம்புவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இப்பக்கத்தில் கூறப்படும் உணவு முறைகள் அனைத்தும் மருந்துடன் சேர்த்துப் பின்பற்ற வேண்டியவை; மருந்துக்கு மாற்றாக அல்ல.

"குளிர்ச்சி" உணவுகளை நிறுத்த வேண்டுமா?

நம் சமுதாயத்தில் வாழைப்பழம், தயிர், மோர், ஆரஞ்சு, கொய்யா, வெள்ளரிக்காய், இளநீர் ஆகியவை குளிர்ச்சி என்று கருதப்படுகின்றன. இழுப்பு உள்ள குழந்தைக்கு முதலில் மறுக்கப்படுவன இவையே. ஆனால் இவ்வுணவுகள் ஆஸ்துமாவைத் தூண்டுகின்றன என்பதற்குப் பொதுவான மருத்துவச் சான்று இல்லை.

வாழைப்பழம்: இலண்டனில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்தோறும் வாழைப்பழம் உண்ட குழந்தைகளிடம் இழுப்பு குறைவாகவே காணப்பட்டது. வாழைப்பழம்தான் அதற்குக் காரணம் என்று இதைக் கொண்டு முடிவு செய்துவிட முடியாது. எனினும், வாழைப்பழம் இழுப்பை உண்டாக்கும் என்ற நம்பிக்கைக்கு இது ஆதரவாக இல்லை.

பாலும் தயிரும்: பால் சளியைக் கூட்டும் என்பது பரவலான எண்ணம். பால் உமிழ்நீருடன் கலக்கும்போது வாயிலும் தொண்டையிலும் சற்று நேரம் கெட்டியான உணர்வு ஏற்படுகிறது. அதையே சளி என்று எண்ணிவிடுகிறோம். சளிக்காய்ச்சல் கிருமி செலுத்தப்பட்ட தன்னார்வலர்களைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 1990இல் வெளியான ஆய்வில், அவர்கள் குடித்த பாலின் அளவுக்கும் சுரந்த மூக்குச் சளியின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. பால் ஒவ்வாமை இருப்பது உறுதியானவர்கள் மட்டுமே பாலைத் தவிர்க்க வேண்டும்.

புளிப்புப் பழங்கள்: நெல்லிக்காய், கொய்யா, சாத்துக்குடி, எலுமிச்சை ஆகியவை வைட்டமின் சி நிறைந்தவை. 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. இது ஆரஞ்சில் உள்ளதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. இவற்றை மறுப்பதால் குழந்தைக்கு நன்மை ஏதும் இல்லை.

ஐஸ்கிரீம், குளிர்ந்த நீர்: மிகவும் குளிர்ந்த உணவு சிலருக்கு இருமலைத் தூண்டலாம். அப்படி உங்களுக்கு நேர்ந்தால் அதைத் தவிருங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த தயிரையும் பழத்தையும் சற்று நேரம் வெளியே வைத்துவிட்டு உண்ணலாம். அந்த உணவையே விலக்க வேண்டியதில்லை.

பால், தயிர், முட்டை, பழங்கள் என ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனால், வளரும் குழந்தைக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின்களும் போதிய அளவில் கிடைக்காமல் போகும். எடை குன்றும், நோய் எதிர்ப்பாற்றல் குறையும். அடிக்கடி சளி பிடிக்கும். சளி பிடிக்கும்போதெல்லாம் இழுப்பும் வரக்கூடும். குழந்தையைக் காக்கவென்று தொடங்கிய பத்தியமே இவ்வாறு அதன் உடல்நலத்தைக் கெடுத்துவிடுகிறது.

உண்மையில் ஒவ்வாத உணவுகள்

ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு உணவு உண்மையாகவே தூண்டுகோலாக அமைகிறது. இதில் இரண்டு வகைகளை அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, உணவு ஒவ்வாமை. நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், பால், முட்டை, இறால், நண்டு, மீன், கோதுமை, சோயா ஆகியவை இதில் முதன்மையானவை. உண்ட சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்குதல், தோலில் தடிப்பு, அரிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் ஒவ்வாமை என்று ஐயுற வேண்டும். ஆஸ்துமாவும் உணவு ஒவ்வாமையும் சேர்ந்து உள்ளவர்களுக்குக் கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படும் ஆபத்து கூடுதல். அத்தகையோர் அந்த உணவைச் சிறிதளவும் உட்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, சல்பைட்டு எனப்படும் பதப்படுத்தும் பொருள். இது வயிற்று அமிலத்துடன் சேரும்போது கந்தக டை ஆக்சைடு வாயு வெளிப்படுகிறது. அந்த வாயு மூச்சுடன் கலந்து, சிலருக்கு மூச்சுக்குழாயை இறுகச் செய்கிறது. அமெரிக்காவில் பச்சையாக உண்ணும் காய்கறிகளிலும் பழங்களிலும் இதைச் சேர்ப்பது 1986இல் தடை செய்யப்பட்டது. பொன்னிற உலர்திராட்சை, உலர்ந்த ஆப்ரிகாட், புட்டிகளில் விற்கப்படும் பழச்சாறு, ஸ்குவாஷ், ஒயின், கறுக்காமல் இருப்பதற்காகப் பதப்படுத்தப்பட்ட இறால் ஆகியவற்றில் இது இருக்கலாம். வெல்லத்தை வெளிர் மஞ்சளாக்கவும் கந்தகச் சேர்மங்களைப் பயன்படுத்துவதுண்டு. ஆகவே கரும்பழுப்பு நிற வெல்லத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பொட்டலத்தின் மீதுள்ள உட்பொருள் பட்டியலில் 220 முதல் 228 வரையிலான ஐ.என்.எஸ். எண்களுள் ஏதேனும் இருந்தால் அது சல்பைட்டைக் குறிக்கும். ஒரு கிலோ உணவில் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட்டு இருந்தால் அதைப் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதியாகும்.

ஐயம் எழுந்தால் என்ன செய்வது?

ஓர் உணவு உங்களுக்கு ஒவ்வவில்லை என்று தோன்றினால், உடனே அதை நிரந்தரமாக நிறுத்திவிடாதீர்கள். ஒரு குறிப்பேட்டில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை கீழ்க்கண்டவற்றை எழுதி வாருங்கள்.

• உண்ட உணவு, உண்ட நேரம்
• இருமலோ இழுப்போ தொடங்கிய நேரம்
• அன்று தூசி, புகை, ஊதுவத்தி, கொசுவத்தி, மழை, பனி, சளிக்காய்ச்சல் ஏதேனும் இருந்ததா என்ற விவரம்
• அன்று இன்ஹேலரைத் தவறாமல் எடுத்தீர்களா என்ற விவரம்

உணவின் மீது பழி போடப்படும் பல நேரங்களில், குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால் உண்மைக் காரணம் புகையாகவோ சளிக்காய்ச்சலாகவோ விடுபட்ட மருந்தாகவோ இருப்பது தெரியவரும். ஒரே உணவை உண்ணும்போதெல்லாம் தொல்லை ஏற்படுவதாகத் தெரிந்தால், குறிப்பேட்டுடன் மருத்துவரை அணுகுங்கள். தேவைப்பட்டால் அவர் தோல் பரிசோதனைக்கோ இரத்தப் பரிசோதனைக்கோ பரிந்துரைப்பார். ஆனால் கடுமையான எதிர்விளைவு ஒரு முறை ஏற்பட்டிருந்தாலும், மருத்துவரைக் காணும் வரை அந்த உணவைத் தொட வேண்டாம். வீட்டிலேயே கொடுத்துச் சோதிப்பது ஆபத்தானது.

நாள்தோறும் உண்ண வேண்டியவை

காய்கறிகளும் பழங்களும் நிறைந்த உணவு ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நன்மை தருகிறது. ஆஸ்திரேலியாவில் ஆஸ்துமா உள்ள 137 பேரிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினர் நாளொன்றுக்கு ஐந்து பங்கு காய்கறியும் இரண்டு பங்கு பழமும் உண்டனர். மற்றொரு பிரிவினர் இரண்டு பங்குக்கு மிகாமல் காய்கறியும் ஒரு பங்கு பழமும் உண்டனர். பதினான்கு நாள்களுக்குப் பின், குறைவாக உண்டவர்களின் நுரையீரல் செயல்திறன் மற்றவர்களைவிடக் குறைந்து காணப்பட்டது. தொடர்ந்த வாரங்களில் அவர்களுக்கு நோய் தீவிரமாவதும் மிகுந்திருந்தது. தக்காளியில் உள்ள லைக்கோபீன் சத்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தபோது பயன் ஏதும் தெரியவில்லை. எனவே சத்து மாத்திரைகளுக்குச் செலவிடும் பணத்தைக் காய்கறிக்கும் பழத்துக்கும் செலவிடலாம்.

நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறிகளும் பழங்களும் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. விலை உயர்ந்த பழங்களைத் தேட வேண்டியதில்லை. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பூசணி, கேரட், தக்காளி, அவரை, பப்பாளி, கொய்யா, நெல்லிக்காய், வாழைப்பழம் என அந்தந்தப் பருவத்தில் கிடைப்பவையே போதும்.

ஒரு நாள் உணவு பின்வருமாறு அமையலாம்.

காலை: இட்லி அல்லது கேழ்வரகு தோசை, காய்கறி சேர்த்த சாம்பார், ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல்.
முற்பகல்: ஒரு கொய்யா அல்லது வாழைப்பழம்.
மதியம்: அளவான சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு பொரியல், மோர். அசைவம் உண்போர் வாரத்தில் இரண்டு நாள் குழம்பு மீன் சேர்த்துக்கொள்ளலாம்.
மாலை: வறுத்த கடலை அல்லது பச்சைப்பயறு சுண்டல். கடலை ஒவ்வாதவர்கள் பழம் உண்ணலாம்.
இரவு: சப்பாத்தி அல்லது இடியாப்பம், காய்கறிக் கூட்டு. உண்டபின் இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே படுக்க வேண்டும்.

எண்ணெயில் பொரித்த தின்பண்டங்கள், சர்க்கரை சேர்த்த பானங்கள், பொட்டலங்களில் அடைத்து விற்கப்படும் நொறுக்குத் தீனிகள் ஆகியவற்றை அன்றாடப் பழக்கமாக்க வேண்டாம்.

உடல் எடையும் நெஞ்செரிச்சலும்

மிகுந்த உடல் எடை ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. வயிற்றிலும் மார்பிலும் சேரும் கொழுப்பு, நுரையீரல் விரிவதற்கு இடையூறாகிறது. உடலில் அழற்சியையும் கூட்டுகிறது. எடை மிகுந்தவர்கள் தம் எடையில் 5 முதல் 10 விழுக்காடு வரை குறைத்தாலே ஆஸ்துமா கட்டுப்பாட்டில் முன்னேற்றம் தெரியக்கூடும். 80 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 4 முதல் 8 கிலோ ஆகும். பட்டினி கிடந்து குறைக்க முயலாமல், சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவது, இனிப்பையும் பொரித்தவற்றையும் குறைப்பது, மருத்துவர் கூறியபடி நடைப்பயிற்சி செய்வது என்று படிப்படியாக முயல வேண்டும்.

இரவில் வயிறு நிறைய உண்டு உடனே படுத்தால், வயிற்று அமிலம் மேலேறி இருமலையும் இழுப்பையும் தூண்டலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதும், காரமும் எண்ணெயும் குறைந்த இரவு உணவை நேரத்தோடு முடிப்பதும் நலம்.

மருந்துகளும் உணவும்

ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவுடன் வாயை நன்கு கொப்பளித்துத் துப்ப வேண்டும். தவறினால் வாயில் வெண்படலம் போன்ற பூஞ்சைத் தொற்று ஏற்பட்டு, உணவு உண்பதே துன்பமாகும். காலையிலும் இரவிலும் பல் துலக்குவதற்கு முன் இன்ஹேலர் எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் இது மறக்காது.

ஸ்டீராய்டு மாத்திரைகளை அடிக்கடியோ நீண்ட நாள்களோ உட்கொள்பவர்களுக்கு எலும்பின் வலிமை குறையலாம். இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கூடலாம். இவர்களுக்குச் சுண்ணாம்புச் சத்து இன்றியமையாதது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராமும், 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராமும் சுண்ணாம்புச் சத்து உள்ளது. உப்பு, ஊறுகாய், அப்பளம், இனிப்பு ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

காப்பியில் உள்ள காஃபீன், தியோஃபிலின் என்னும் ஆஸ்துமா மருந்துடன் வேதி அமைப்பில் நெருங்கிய உறவுடையது. ஆகவே காப்பி குடித்தபின் சில மணி நேரம் மூச்சுக்குழாய் சற்றே விரிகிறது. ஆனால் அவ்விளைவு மிகச் சிறியது. இழுப்பு வந்தவருக்குக் காப்பி கொடுத்துக் காத்திருப்பது தவறு. தியோஃபிலின் மாத்திரை உட்கொள்பவர்கள் காப்பியும் தேநீரும் மிகுதியாகக் குடித்தால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை ஏற்படலாம். நுரையீரல் செயல்திறன் பரிசோதனைக்குச் செல்லும் நாளில், அதற்கு முன் காப்பி, தேநீர் அருந்த வேண்டாம்.

வைட்டமின் டி மாத்திரை ஆஸ்துமா தீவிரமாவதைத் தடுக்கும் என்று முன்னர் நம்பிக்கை எழுந்தது. ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியிடப்பட்ட மதிப்பாய்வு, அத்தகைய பயனை உறுதி செய்யவில்லை. குறைபாடு இருப்பது பரிசோதனையில் தெரிந்தால், அதற்காக மருத்துவர் கூறும் அளவில் உட்கொள்ளலாம்.

மூலிகைகளும் கைமருந்தும்

தூதுவளை இரசம், கற்பூரவல்லி, மிளகு, இஞ்சி, துளசி ஆகியவை நம் சமையலில் நெடுங்காலமாக உள்ளவை. உணவின் அளவில் அவற்றை உண்பதில் தவறில்லை; தொண்டைக்கும் இதமாக இருக்கும். ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து உருவாக்கப்பட்டது. ஆயினும் சளியை இளக்குவது வேறு, மூச்சுக்குழாயின் அழற்சியைத் தணிப்பது வேறு. இவற்றை நம்பி இன்ஹேலரை நிறுத்த வேண்டாம். சித்த மருத்துவம் மேற்கொள்ள விரும்பினால், அரசு சித்த மருத்துவப் பிரிவிலோ பதிவு பெற்ற சித்த மருத்துவரிடமோ ஆலோசனை பெறுங்கள். நீங்கள் பயன்படுத்தும் எல்லா மருந்துகளையும் இரு மருத்துவர்களிடமும் தெரிவியுங்கள்.

பெயரோ உட்பொருள் விவரமோ இல்லாத பொடிகளையும் உருண்டைகளையும் வாங்க வேண்டாம். விரைவில் குணம் தருவதாகக் கூறப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எக்காரணம் கொண்டும் தேன் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரி கடுமையான நரம்புப் பாதிப்பை உண்டாக்கலாம்.

அடுப்பங்கரையைக் கவனியுங்கள்

பல வீடுகளில் தட்டில் இருக்கும் உணவைவிட, அதைச் சமைக்கும்போது எழும் புகையே ஆஸ்துமாவுக்குப் பெரும் தீங்காகிறது. விறகு, சுள்ளி, வறட்டி ஆகியவற்றின் புகை மூச்சுக்குழாயை நேரடியாகத் தாக்குகிறது. மிளகாய் வறுக்கும் நெடியும் தாளிப்பின் காட்டமும் பலருக்கு உடனே இருமலை உண்டாக்குகின்றன. இயன்றவரை எரிவாயு அடுப்பையோ மின்னடுப்பையோ பயன்படுத்துங்கள். சமைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். மிளகாய் வறுக்கும் வேளையில் ஆஸ்துமா உள்ளவரும் குழந்தைகளும் அங்கிருந்து விலகியிருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவரே சமைப்பவராக இருந்தால், அவ்வேலையை வீட்டில் உள்ள மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும்

பிறக்கப்போகும் குழந்தைக்கு ஆஸ்துமா வராமல் தடுப்பதற்காகக் கர்ப்பிணிகள் பால், முட்டை, மீன், கடலை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டியதில்லை. தாய்க்கு ஒவ்வாமை இல்லாதவரை எல்லாவற்றையும் உண்ணலாம். கர்ப்ப காலத்திலும் இன்ஹேலரைத் தொடர வேண்டும். கட்டுப்பாடற்ற ஆஸ்துமா தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தானது. பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள். தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளுக்கு இளம் பருவத்தில் இழுப்பு வருவது குறைவு.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சுத் திணறல்
• உதடு அல்லது நகம் நீலம் பூத்தல்
• மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளின் இடையே தசை உள்வாங்குதல். கைக்குழந்தை பால் குடிக்க இயலாமல் தவித்தல்
• உடனடி நிவாரண இன்ஹேலர் எடுத்தும் குறையாமை, அல்லது நான்கு மணி நேரத்துக்குள் மீண்டும் தேவைப்படுதல்
• உணவு உண்ட சிறிது நேரத்தில் முகம் வீங்குதலுடன் மூச்சுத் திணறல்

இவற்றில் எது தோன்றினாலும் 108 எண்ணுக்கு அழையுங்கள். நோயாளியை நிமிர்ந்து உட்கார வைத்து, மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி நிவாரண இன்ஹேலரைக் கொடுங்கள். அவ்வேளையில் கஷாயமோ வெந்நீரோ புகட்டிக் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் குழந்தைக்கு ஏற்கெனவே ஏதேனும் பத்தியம் நடைமுறையில் இருந்தால், நிறுத்தியுள்ள உணவுகளை ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்லும்போது எடுத்துச் செல்லுங்கள். அவற்றில் எவற்றை மீண்டும் கொடுக்கத் தொடங்கலாம் என்று அவரிடம் கேளுங்கள்.